கயிற்றை விடாத கதாநாயகன்

அத்தைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர் என்று கேள்விப்பட்ட அன்றே நான் மனதுக்குள் அவர்கள் கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பழங்காநத்தத்தில் எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளைக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது, இரண்டு வீட்டாருக்கும் பிடித்துவிட்டது. அத்தை மட்டும் வாயைத் திறக்கவில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்டபோது, "பட்டாளத்துக்குப் போனவரு திரும்பி வரலேன்னா நான் என்ன மதினி செய்ய?" என்றாள்.

மாப்பிள்ளையின் லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது. அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரும் ஒரு படம் பார்க்கட்டும். வந்ததும் சரியா, இல்லையா என்று அத்தை சொல்லிவிட வேண்டும். நிச்சயம்கூட ஆகாதவர்களைத் தனியாக அனுப்பினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதனால் நடு நாற்காலியில் உட்கார என்னை அனுப்பினார்கள். அந்த உத்தியோகத்தை நான் மிகுந்த பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

படத்தையும் அப்பாவே தேர்ந்தெடுத்தார். கல்லூரிக் காலத்தில் அவர் ஏழு தடவை பார்த்த பழைய யுத்தப் படம்; புதுப் பிரிண்ட் போட்டு மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்துக்காரருக்கு யுத்தப் படம் பிடிக்காமலா போகும் என்று அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அடேயப்பா, அது என்ன படம்! சித்திரை வெயிலில் வெந்துபோய் உள்ளே நுழைந்தால் திரை முழுக்கப் பனி. ஏசிக் குளிர் அந்தப் பனியிலிருந்துதான் வருகிறது என்று சத்தியமாக நம்பினேன். கதாநாயகன் விமானத்தோடு கீழே விழுந்தான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தான். கதாநாயகி நர்ஸ், அத்தனை குண்டுகளுக்கு நடுவிலும் அவள் கொண்டையிலிருந்து ஒரு பூ உதிரவில்லை. எதிரிகள் இருபது பேர் சுட்டாலும் இவன்மேல் ஒன்றும் படாது. இவன் ஒரு தடவை சுட்டால் இருபது பேரும் விழுவார்கள். ஆற்றைத் தாண்டினார்கள், பாலத்தைத் தகர்த்தார்கள், நடுவில் ஒரு பாட்டும் பாடினார்கள். திறந்த வாயை நான் இடைவேளை வரைக்கும் மூடவில்லை. யுத்தம் இம்புட்டு அழகா என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

இடைவேளையில் மாமா முட்டை பப்ஸ் வாங்கித் தந்தார். மாப்பிள்ளையை அதற்குள் மாமா ஆக்கியிருந்தேன்.

"நீங்களும் இதே மாதிரி இருபது பேரச் சுட்டிருக்கீங்களா மாமா?"

"நான் ஒருத்தரையும் சுட்டதில்ல பாப்பா. மலைக்கு மேல காவல் நிக்கிறவுங்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் கொண்டு போறதுதான் என் வேல. கோவேறு கழுதை மேல ஏத்திக்கிட்டு நடந்தே போவோம்."

கழுதையா! கணக்கில் மார்க் குறைந்தால், நீ கழுதை மேய்க்கத்தான் லாயக்கு என்று அப்பா என்னைத் திட்டுவாரே, அந்த வேலையா? அப்படியானால் இந்த மனிதர் எம்புட்டு மார்க் குறைவாக வாங்கியிருப்பார்! அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகனின் படை மலை ஏறியது. ஓரமாகக் கோவேறு கழுதைகள் வரிசையாகப் போயின. பாதை சரிந்து ஒரு கழுதை சறுக்கியது. ஒரு சிப்பாய் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற காட்சி.

"விட்டுர்றா... கயித்த விட்டுர்றா," என்றார் மாமா. பாதி எழுந்து நின்றிருந்தார்.

"அண்ணே, மறைக்குது, உக்காருங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். உட்கார்ந்தார்.

"யார்கிட்ட மாமா சொல்றீங்க?"

"கழுதை சறுக்குனா கயித்த விட்டுரணும் பாப்பா. இல்லாட்டி ஆளையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும். போன வருசம் மழையில ரெண்டு கழுதை சறுக்குச்சு. என்னுதை நான் விட்டுட்டேன். என் கூட்டாளி விடல."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். கயிறு அறுத்த தழும்பு ஒன்று அதில் குறுக்கே ஓடியது.

எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அங்கே கதாநாயகன் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தான். ஒரு கையில் கயிறு, மறு கையில் நண்பன், கீழே பாதாளம். தன்னை விட்டுவிடச் சொல்லி நண்பன் கெஞ்சுகிறான். இவன் பல்லைக் கடித்து ஒரே இழுப்பு, இரண்டு பேரும் மேலே! தியேட்டரே விசிலடித்தது. நான் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினேன்.

"பாத்தீங்களா மாமா? அவரு விடவே இல்ல!"

"ஆமா பாப்பா," என்றார். "விடல."

நான் உட்கார்ந்ததும் அத்தையின் கை என் மடியைத் தாண்டிப் போயிற்று. அந்தத் தழும்புக் கையைப் பிடித்துக்கொண்டு படம் முடிகிறவரை அப்படியே இருந்தது. எனக்குப் பெரிய இடைஞ்சல். இரண்டு தடவை தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் என்னிடம்தான் கேட்டார். "வேணாம்ப்பா! அவரு கழுதை மேய்க்கிறாரு. ஒருத்தரக்கூடச் சுட்டதில்லயாம். கயித்தையும் விட்டுட்டாராம்," என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அத்தையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி எனக்கு. அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அத்தையைப் பார்த்தார்.

"எனக்குச் சம்மதம்ணே," என்றாள் அத்தை. "இவரு திரும்பி வந்துருவாரு."

எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அம்புட்டு வீரத்தையும் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்து, கயிற்றை விட்டவரைப் போய் யாராவது கட்டிக்கொள்வார்களா? நான் பார்த்த யுத்தத்தில் விழுந்தவர்கள் இருபது இருபதாக விழுந்தார்கள். அவர்களில் ஒருவனும் யாருக்கும் கூட்டாளி இல்லை. மாமா சொன்னதில் குண்டும் வெடிக்கவில்லை, எதிரியும் வரவில்லை. அரிசி மூட்டை கொண்டுபோன ஒருவன் மழையில் வழுக்கிப் போய்விட்டான். அதுவும் யுத்தத்தில் சேர்த்தி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.