புரட்டாசிச் சனிக்கிழமையில் இருவாச்சி பார்க்க ஒரு திட்டம்

ஞாயிறு காலை 5.40. ராஜபாளையத்தில் நானும் அம்மாவும் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினோரு கிலோமீட்டர். மலை கூடவே வந்தது.

நான் சென்னையில் அறிவியல் ஆசிரியை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். காலாண்டு விடுமுறையில் பறவை பார்க்கப் போகலாம் என்று உடன் வேலை பார்க்கும் நால்வர் சொன்னபோது, எங்கள் மலைக்கு வாருங்கள் என்று மார்தட்டிவிட்டேன். அவர்களுக்குத் தேக்கடிதான் ஆசை. இன்று மதியத்துக்குள் நான் முழுத் திட்டத்தையும் அனுப்பாவிட்டால் அங்கே அறை எடுத்துவிடுவார்கள். தான் வேலை பார்க்கும் பஞ்சாலையில் வார விடுப்பு என்பதால் அம்மா துணைக்கு வந்தாள்.

6.20. செண்பகத்தோப்பு போய்வர ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் செல்வம் அண்ணனிடம் திட்டத்தைப் படித்துக் காட்டினேன். அடுத்த சனி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய குன்றான திருவண்ணாமலையின் பெருமாள் கோயில் குளத்தில் நீர்ப்பறவைகள், ஞாயிறு செண்பகத்தோப்பு.

அவர் வண்டியையே ஓரங்கட்டிவிட்டார். "டீச்சரா இருந்துக்கிட்டு காலண்டர் பாக்க மாட்டியாம்மா? புரட்டாசிச் சனி! அம்புட்டு சனமும் அங்கதான் நிக்கும். மொட்டத் தலையத்தான் எண்ணலாம், குருவிய எங்க எண்ண?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. சிறுவயதில் புரட்டாசிதோறும் அந்தக் கோயில் குன்றில் ஏறியவள் நான். இப்போது விடுமுறையை மட்டும் பார்த்தேன், மாதத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப சனிக்கிழமை செண்பகத்தோப்புக்கே வாரோம்ணே."

"தாராளமா. அங்க ஒரு ஆளு இருக்காது. ஆனா வண்டிக்கு எங்க போவ? ஆட்டோ, வேன் பூராம் கோயிலுக்குத்தான் ஓடும். எனக்கே வருசத்துல நல்ல ஓட்டம் இந்த நாலஞ்சு சனிதான் தங்கச்சி."

7.00. எட்டு கிலோமீட்டரில் செண்பகத்தோப்பு. சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டு ஓடைக்கரையில் நடந்தோம். மழைக்காடு மேலே முகட்டில், மேகத்துக்குள் இருந்தது. கீழே மாந்தோப்பும் புளியமரங்களும். குக்குறுவான் விடாமல் கூவியது.

திடீரென்று அம்மா நின்றாள். "யாருட்டி அது சிரிக்கது?"

சாம்பல் இருவாச்சி; அதன் குரலே சிரிப்புப் போலத்தான் இருக்கும். அத்தி மரத்தில் ஜோடியாக உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தன. தொலைநோக்கியைக் கொடுத்தேன். "ஏ ஆத்தி, மூக்கப் பாரேன்!" என்றவள் அதைத் திருப்பித் தரவே இல்லை. "முப்பது வருசமா இந்த மலையப் பாத்துக்கிட்டே ஷிப்டுக்குப் போறேன். இன்னைக்குத்தான் கிட்ட வாரேன்."

நான் பாறையில் உட்கார்ந்து சனிக்கிழமையை அடித்தேன். மறுபடி எழுதினேன். வண்டி இல்லாமல் எதுவும் நிற்கவில்லை. தேக்கடிக்கே போங்கள் என்று தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை.

அம்மா தொலைநோக்கியை இறக்காமலே சொன்னாள்: "எங்க மில்லு வேன் விடியக்காலம் பொம்பளையாளுகள ஏத்த இந்த அடிவாரத்துக்கு வரும்லா. வரும்போது காலியாத்தான வருது. சாயந்தரம் எறக்கிவிட்டுட்டுப் போகும்போதும் காலிதான்."

அங்கிருந்தே மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "ஆமாண்ணே, குருவி பாக்கத்தான். சிரிக்காதிய. மொதலாளிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க." சற்று நேரத்தில் சம்மதம் வந்தது.

11.15. திரும்பும் பேருந்தில் திட்டத்தை அனுப்பினேன். சனி விடியலில் ராஜபாளையத்தில் வேன். இறங்கியபின் இரண்டு கிலோமீட்டர் நடை. ஞாயிறு, கூட்டம் வடிந்த குளம். 'தேக்கடி வேண்டாம், வருகிறோம்' என்று பதில் வந்ததும் பேருந்து என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

"எத்தன பேருன்னு எழுதியிருக்க?" என்றாள் அம்மா.

"என்னோட அஞ்சு."

"ஆறாக்கு. மேஸ்திரிகிட்ட லீவும் சொல்லிட்டேன்."

கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர அவள் விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை.

ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி சொன்னாள்: "அடிவாரத்துல அம்புட்டுப் பேரும் வேன்ல வேலைக்கு ஏறுவாளுக. நான் மட்டும் எறங்கணும்."