கேசட்டில் பிடித்த மோடம் சத்தம்

போன வாரம் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க ஒருவர் வந்தார். புது வயரைப் பிரித்ததும் கிளம்பிய பிளாஸ்டிக் வாசனையில் என் புத்தி எங்கோ பின்னால் போய்விட்டது போலிருக்கிறது. "நெட்ல இருந்தா போன் எங்கேஜ்டாயிடுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கப்புறம் பாஸ்வேர்டை என் மகளிடம்தான் சொன்னார்.

சந்தேகப் பார்வை எனக்குப் புதிதில்லை. டவுனில் இருந்தபோது எங்கள் தெருவில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் எங்கள் நம்பரைத்தான் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். அழைப்பு வந்தால் நாங்கள் போய்க் கூட்டிவர வேண்டும். ரிசீவரை மூக்கருகே கொண்டுபோனால் விபூதி, வெற்றிலை, பவுடர் என்று தெருவே மணக்கும். அப்படிப்பட்ட லைனில் நான் கொண்டுபோய் மோடத்தைச் சொருகினேன். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். நான் நெட்டில் இருக்கும்வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். கூட்டிவரச் சோம்பல்பட்டு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறோம் என்று தெரு முடிவு கட்டியது. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நானும் யோசிக்க ஆரம்பித்தேன்.

நிஜமான கஷ்டம் எதிர்வீட்டு மல்லிகா அக்காவுக்குத்தான் வந்தது. அவள் வீட்டுக்காரர் சவுதியில் லாரி ஓட்டினார். வெள்ளிக்கிழமை லீவு; அன்றைக்குத்தான் கூப்பிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க அவருக்கு எங்கேஜ்டு. கடைசியில் லைன் கிடைத்தபோது அக்கா பேசியதைவிட அழுததுதான் ஜாஸ்தி. போனை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"யார்கிட்ட அவ்ளோ நேரம் பேசினு இருந்தன்னு கேக்குறாருப்பா. கம்ப்யூட்டர்னு சொன்னா, கம்ப்யூட்டருக்கு எதுக்குடி போனுன்றாரு."

நியாயமான கேள்விதான். என் அப்பாவே அதைக் கேட்டிருக்கிறார். லைன் சேரும்போது மோடம் போடும் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் நம்பிவிடுவார் என்று நினைத்தோம். எப்படிக் கேட்கவைப்பது? நெட் ஓடினால் அவர் லைனில் இருக்க முடியாது; அவர் லைனில் இருந்தால் நெட் ஓடாது. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, அந்தப் பக்கம் போகிற ஊர்க்காரர் கையில் கொடுத்தனுப்புவது அப்போதைய வழக்கம். வீட்டிலிருந்த டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தகர டப்பாவைத் தெருவில் இழுத்துப்போவதுபோல் மோடம் கத்தி முடிக்கும்வரை பதிவு செய்தோம். அம்மாவும் கூடவே உட்கார்ந்திருந்தார். ஏதோ பெரிய கேசுக்குச் சாட்சி தயார் செய்துவிட்ட பெருமை எனக்கு.

கேசட் போய்ச் சேர்ந்தபின் அவர் கூப்பிட்டார். மோடம் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேசட்டில் அதற்கு முன்னால், "அக்கா, இன்னும் கிட்ட வெச்சுப் பிடிங்க" என்று ஓர் ஆம்பிளைக் குரல் கேட்கிறதே, அது யார் என்றுதான் கேட்டாராம். என் குரல்தான்.

அம்மா ரிசீவரை வாங்கி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நீங்கள் சொன்னால் சரிதான் என்றவர், அப்புறம் எங்கள் நம்பருக்குக் கூப்பிடவேயில்லை. அக்காவும் வருவதை நிறுத்திக்கொண்டாள். தெருவில் எதிர்ப்பட்டால் என்னைப் பார்க்காதவள் மாதிரி போய்விடுவாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மோடம் போயிற்று, கேசட் போயிற்று. பி.பி. நம்பர் என்று சொன்னால் என் மகள் மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள். அக்காவின் வீட்டுக்காரரும் ஊரோடு வந்து அடி அண்ணாமலையில் வீடு கட்டிக்கொண்டார். நேற்று மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, கையில் பெரிய டச் போன். இத்தனை வருஷம் கழித்து அவளாகவே வந்து பேசியதில் எனக்கு ஒரே சந்தோஷம். இப்போதெல்லாம் நெட்டில் இருந்தாலும் போன் எங்கேஜ்டாவதேயில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ லைன் கெடைக்கலன்னா உன் கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டேன் தம்பி. இப்ப யார் மேல போடுறது?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு எடுத்தாள்.

"மார்க்கெட்லதாங்க இருக்கேன். தனியாத்தான்."