வெட்டிப்போட்ட மூன்றாவது பின்

விருத்தாசலம் பீங்கான் கம்பெனி வாசலில் மண்தூசி படிந்து வெளுத்துக் கிடந்த கார்களைப் பார்த்ததும்தான், வீட்டுக்கே போய்க் கழுவித் தரும் யோசனை வந்தது. நானும் நண்பன் சலீமும் தண்ணீரைப் பீய்ச்சும் மோட்டார் வாங்கினோம்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீட்டு பிளக் பாயிண்டில் இரண்டே ஓட்டை.

"மூணாவது பின்ன வெட்டிட்டு சொருவுங்க தம்பி. எங்க வூட்டு மிக்ஸியே அப்படித்தான் ஓடுது" என்றார் கார்க்காரர்.

எர்த் பின்னை வெட்டினேன். ஈரத்தரையில் நின்று மோட்டாரைத் தொட்ட சலீம் அப்படியே ஒட்டிக்கொண்டான். பிளக்கைப் பிடுங்கியதும் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "காரு பளபளன்னு இருக்குதாடா?" என்றான். வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

இப்போது நான் எந்த வீட்டிலும் கரண்ட் எடுப்பதில்லை. வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஸ்பிரேயர் புதிதாக வாங்கியிருக்கிறேன். முதலில் சலீமுடைய அத்தாவின் காரைக் கழுவ வேண்டும். மகனை இப்படி ஆக்கிவிட்டேன் என்று அவர் என்னோடு பேசுவதில்லை. கழுவட்டுமா என்று நாளை போய்க் கேட்கப்போகிறேன்.