பூஜைக்கு வராதக்கா

மண்ணூர்பேட்டையில் ஒரு ஸ்பிரிங் கம்பெனி. அதன் கேன்டீனில் பதினாறு வருஷமாகச் சோறு போடுகிறவள் சகாயம்மாள். அங்கே மெஷினில் வேலை பார்த்த பூபாலனுக்கு பிரஸ்ஸில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் போனது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கள்ளிக்குப்பத்தில் தன் வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு கொண்டுபோனவள் அவள்தான்.

மெஷினின் பாதுகாப்பு மூடியை பூபாலனே கழற்றினான் என்று ஷிப்ட் இன்சார்ஜ் ஸ்ரீநாத் எழுதிக் கொடுத்தார். வேகமாக ஓட்டுவதற்காகக் கழற்றச் சொன்னவரே அவர்தான் என்றான் பூபாலன். அவனுக்காகப் பேச ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவனைத்தான் சஸ்பெண்டு செய்தார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அந்தக் கேரியரைத் துலக்கி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். முகம் நிதானமாக இருந்தது. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. புறாக்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள். பந்தயப் புறா வளர்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். தெரிந்த ஒருத்தனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். படியில் இறங்கப் போனவன் திரும்பினான்.

“புதன்கிழம ஆயுத பூஜைக்கு நீ வராதக்கா. லீவு போட்டுக்கினு ஊட்ல இரு.”

“இன்னாத்துக்குடா?”

“சொன்னா கேளு.”

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஏதோ கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்துக் குழம்பை இறக்கினாள்.

போன தவக்காலத்தில் சர்ச் ஹாலில் நான்கு ஞாயிறு, ஆபத்தை முன்கூட்டியே கண்டு தடுப்பது பற்றி ஒரு பயிற்சி நடந்தது. தெருவுக்கு இரண்டு பேர் வர வேண்டும் என்று ஃபாதர் சொன்னதால் வேண்டாவெறுப்பாகப் போனாள். நடத்தியவள் மைதிலி, முப்பது வயதுப் பெண். ஒருவரைத் தாக்க நினைக்கிறவன் திடீரென்று பாய்வதில்லை என்றாள் அவள். பட்ட அநியாயத்தையே நினைத்துப் புழுங்குவான், பிறகு ஒரு நாளைக் குறிப்பான். அதற்கு முன்னால் தனக்குப் பிரியமானதையெல்லாம் கொடுத்துவிடுவான், யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். கேட்டவர்கள் சும்மா சொல்கிறான் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை, கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மைதிலி சொன்னது நினைவுக்கு வந்து அவள் கை நின்றது. தான் நினைப்பது தப்பாக இருந்தால் என்ன ஆகும்? அடுத்த வாரம் கம்பெனியில் அவனுக்கு விசாரணை. போலீஸ் அவன் வாசலை மிதித்தாலே அவன் வேலை போய்விடும். ஆனால் நாளைக்குக் கம்பெனி முற்றத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருநூறு பேர் நிற்பார்கள்.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று மைதிலிக்கு போன் போட்டாள். மைதிலி பதறவில்லை. அவன் சொன்ன வார்த்தையை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் யார் பேச்சைக் கேட்பான் என்று விசாரித்தாள். சேக்காட்டில் கட்டிக்கொடுத்த தங்கை அகல்யா பேச்சைக் கேட்பான் என்றாள் சகாயம்மாள். ஸ்டேஷனுக்கும் கம்பெனிக்கும் தான் சொல்லிவிடுவதாகவும், சகாயம்மாள் தனியாகப் போகக் கூடாது என்றும் சொன்னாள் மைதிலி.

போலீஸ் முதலில் போகட்டும் என்பதுதான் மைதிலியின் எண்ணம். காக்கியைப் பார்த்தால் அவன் தன்னையே ஏதாவது பண்ணிக்கொள்வான் என்று சகாயம்மாள் பிடிவாதம் பிடித்தாள். கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், அழைத்ததும் போலீஸ் மேலே வரும் என்ற நிபந்தனையோடு மைதிலி ஒத்துக்கொண்டாள். அகல்யாவையும் வரவழைத்து, மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று பெண்களும் அவன் குடியிருந்த மாடிக்கு ஏறினார்கள். கீழே டீக்கடையில் சாதா உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அது பூபாலனுக்குத் தெரியாது. தெரிந்த சகாயம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமலே படியேறினாள்.

பாதிப் படியிலேயே பெட்ரோல் வாடை வந்தது. அகல்யா சின்னப் பிள்ளைபோலச் சகாயம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான் பூபாலன். காலடியில் இரண்டு கேன்கள், சட்டைப் பையில் தீப்பெட்டி. தங்கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சகாயம்மாள் கேட்டாள்.

“நாளைக்கு ஸ்ரீநாத்தைக் கொளுத்தப் போறியா?”

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவன் கை பாக்கெட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

“அந்தாளு சாமி கும்பிடுவான், நான் பாத்துக்கினு இருக்கணுமா?” என்றான்.

“உனக்கு நடந்தது அநியாயம்தான். அன்னிக்கு நான் வாயைத் தொறக்கல. விசாரணைல வந்து சொல்றேன். மூடியைக் கழட்டச் சொல்லி அவர் கத்துனது கேன்டீன் வரைக்கும் கேட்டுது.”

இப்படிச் சொல்வோம் என்று சகாயம்மாளே எதிர்பார்க்கவில்லை. அவன் அவளையே பார்த்தான். அகல்யா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மெல்ல அவன் தீப்பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். மைதிலி கேன்களை வெளியே தள்ளிவிட்டுக் கீழே சைகை காட்டினாள்.

போலீஸ்காரர்கள் ஏறி வந்ததைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

“உன்ன நம்பித்தானேக்கா சொன்னேன்.”

சகாயம்மாள் ஒதுங்கிப் போலீஸ்காரர்களுக்கு வழி விட்டாள்.

மறுநாள் பூஜைக்குப் போனாள். பொரியும் சுண்டலும் கொடுக்கும்போது ஸ்ரீநாத் இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. அவர் பிழைத்தார் என்ற நிம்மதியும், இந்த ஆள் பண்ணியதுதானே எல்லாம் என்ற ஆத்திரமும் அவளுக்கு ஒன்றாகவே வந்தன.

பூபாலனிடம் சொன்னபடியே விசாரணையில் சாட்சி சொன்னாள். அதற்காகக் கேன்டீன் வேலை ஒரு மாதம் ஆட்டம் கண்டது. ஸ்ரீநாத்தை வேறு யூனிட்டுக்கு அனுப்பினார்கள். பூபாலனைத் திரும்ப எடுக்கவில்லை. கொஞ்ச நாள் உள்ளே இருந்து, ஆஸ்பத்திரியில் மருந்து சாப்பிட்டுத் தேறி, இப்போது பூந்தமல்லியில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். இதெல்லாம் அகல்யா போனில் சொல்லித்தான் தெரியும். அவன் அவளோடு பேசுவதில்லை.

இப்போது ஞாயிறுகளில் மைதிலியோடு ஆவடிப் பக்கம் பயிற்சி நடத்தப் போகிறாள் சகாயம்மாள். போன மாதம் ஒரு பெண் எழுந்து, நீங்கள் நினைத்தது தப்பாகப் போயிருந்தால் என்று கேட்டாள். அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்றாள் சகாயம்மாள். கொஞ்சம் தயங்கி, சரியாகப் போன பிறகும் அப்படிக் கேட்கத்தான் தோன்றுகிறது என்றும் சொன்னாள்.