முத்துமாரி சித்தி வாசலில் ஒன்பது சுளகுகள்

பீடித்தூள் வாடை பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது. இன்று வடகரையில் ஒரு வீட்டு வாசலில் வரிசையாக ஏழு தும்மல் போட்டாயிற்று. பெண்கள் கடன் குழுவுக்கு நான் தலைவி. தவணை கட்டாதவள் வாசலில் குழுவோடு போய் உட்காரச் சொல்லி, கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பியிருந்தது. எட்டாவது தும்மலில் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவும் இப்படி ஒரு குழுத் தலைவிதான். ஒரு முறை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குழுவில் இருந்த முத்துமாரி சித்தி இரண்டு வாரமாகப் பீடி சுற்றவில்லை, தவணையும் கட்டவில்லை.

"எல்லாரும் அவங்க வாசல்ல போய் உக்காருங்கக்கா. ஊரு பாத்தாத்தான் புத்தி வரும்" என்றார் வசூலுக்கு வந்தவர்.

அம்மா எட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். எல்லார் மடியிலும் பீடி சுற்ற முறம் மாதிரி ஒரு சுளகு. சித்தி வீட்டு இலையையும் தூளையும் வாங்கி, அவளுக்காகச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

"என்னக்கா பண்ணுதீங்க?"

"உக்காரச் சொன்னீய, உக்காந்திருக்கோம் தம்பி. கையையும் கட்டிக்கிடணும்னு சொல்லலையே!"

நானும் ஒன்று சுற்றினேன். முருங்கைக்காய் மாதிரி வந்தது.

"ஏட்டி, இதை எவன் குடிப்பான்?" அதுவரை கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த சித்தி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்த வாரக் கூலியில் தவணை அடைந்தது.

இன்று நிறுவனத்து மேனேஜர் போனில் கேட்டார்: "உக்காந்துட்டீங்களா மேடம்?"

"உக்காந்துட்டோம் சார். நாளைக்கும் உக்காருவோம்."

அந்த வீட்டு இலையும் தூளும் இருந்த சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். நான் சுற்றியதை மட்டும் பக்கத்தில் இருந்தவள் பிரித்து மறுபடி சுற்றினாள்.