பிளம்பர் வீட்டு ஈரச் சுவர்

போன வருடம், ஜூன் மாதத்து இடவப்பாதி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். என் மகளும் அந்தப் பையனும் களமசேரியில் ஒன்றாகப் படித்து, ஒருவரையொருவர் விரும்பி, எல்லாவற்றையும் அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி இருந்தது பையனின் அம்மா மட்டும்தான். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் டீச்சர். தலைமுறை தலைமுறையாகக் கேரளத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. அம்மா சரி என்றால்தான் கல்யாணம் என்று பையன் சொல்லியிருந்ததால், என் மகளுக்குச் சோறே இறங்கவில்லை.

நான் பிளம்பர். தோப்பும்படி வரைக்கும் எங்கே குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டு மாடித் தொட்டி மட்டும் ஒழுகி ஒழுகி, பின்பக்கச் சுவர் முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி. ஊர்க் குழாயையெல்லாம் முறுக்கிவிட்டு வந்தபின் சொந்தக் குழாயைத் தொட யாருக்கு மனசு வரும்? மனைவி வீட்டை மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தாள். சுவரைத் தேய்த்தபோது பாசியோடு காரையும் பெயர்ந்து வந்தது. கடைசியில் கொடியில் இரண்டு சேலைகளை விரித்து மறைத்தோம். பிளம்பர் வீட்டிலேயே ஒழுக்கா என்று கேட்டுவிட்டால் மானம் போய்விடுமே!

வந்தார்கள். சாயா, பழம்பொரி எல்லாம் ஆயிற்று. டீச்சர் கை கழுவப் பின்பக்கம் போனார். போனவர் திரும்பவே இல்லை. மனைவி என்னை முறைத்தாள். எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். சேலைகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. பட்டுப்புடவையோடு டீச்சர் சுவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியில் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையில் பூதக்கண்ணாடியோடு பெண் பார்க்க வருபவரை அன்றுதான் பார்த்தேன்.

"நாளைக்கே அடைச்சிடறேன் டீச்சரே" என்றேன். அது அவர் காதில் விழவே இல்லை.

"சேட்டா, இங்கோட்டு வாங்க. இந்தப் பாசிக்கு உள்ளே குழாயே கிடையாது. உடம்பு முழுக்கத்தான் வெள்ளம் குடிக்கும். அதனாலதான் இத்தனை குட்டையா நிக்குது."

பிறகு சுவர் வெடிப்பில் நின்ற பெரணிச் செடியைக் காட்டி, இதற்குக் குழாய் உண்டு என்றார். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கரையேறிய முதல் செடிகளும் தரையோடு தரையாகத்தான் கிடந்தனவாம். அப்புறம் சில செடிகளுக்குள் வரிசையாக இருந்த செல்கள் செத்து, உள்ளே காலியாகி, குழாயாக மாறினவாம். அதன் வழியே தண்ணீர் ஏறியதால்தான் பின்னால் மரமெல்லாம் வந்ததாம்.

அதோடு தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். குழாய் சமாச்சாரம் ஆயிற்றே, என் வாய் சும்மா இருக்குமா? மோட்டார் எங்கே என்று கேட்டேன். மோட்டாரே வேண்டாம், இலையின் ஈரம் காற்றில் போகப் போக, கீழே உள்ள தண்ணீர் மேலே இழுபடும் என்றார்.

"அது எப்படிங்க? மேலேருந்து இழுத்தா ஓஸ் பைப் ஒட்டிச் சப்பிப்போயிடுமே!" என்று குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். மகள் கண்ணில் தண்ணீர். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்துவிட்டார்கள்.

"சப்பிப்போகும்! அதேதான் சேட்டா! அதுக்குத்தானே செடி குழாய்க்குள்ள வளையம் வளையமா கெட்டியாக்கி வச்சிருக்கு!"

எனக்குச் சட்டென்று விளங்கியது. என் வண்டியில் கிடந்த, சப்பாமல் இருக்கக் கம்பிச்சுருள் வைத்த மோட்டார் ஓஸ் துண்டைக் கொண்டுவந்து நீட்டினேன். டீச்சர் அதைத் தடவித் தடவிப் பார்த்து, கிளாஸில் காட்ட எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். ஒரு கையில் தாம்பூலம், மறு கையில் ஓஸ். அப்படித்தான் எங்கள் வீட்டில் நிச்சயம் ஆனது.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சம்பந்தி, அந்த ஒழுக்கை மட்டும் அடைக்கண்டா. அடைச்சா பாசி காஞ்சுபோயிடும்."

இன்றும் சம்பந்தியம்மா வந்தால் நேராகப் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். என் மனைவிக்கு அதில் இன்னும் எரிச்சல்தான். எதை மறைத்தால் மானம் தப்பும் என்று சேலை விரித்தேனோ, அதைப் பார்த்துத்தான் என் மகளுக்கு இவ்வளவு நல்ல மாமியார் அமைந்தார்; ஊரில் எத்தனையோ ஒழுக்கை அடைத்திருந்தாலும், வீட்டுக்கு வருபவர்களை நான் பெருமையோடு அழைத்துப் போய்க் காட்டுவது, அடைக்காமல் விட்ட அந்த ஒன்றைத்தான்.