இரண்டாவது மூக்கு

நாங்கள் இருவராகப் பதிவு செய்த கார், நான் தனியாக இருந்தபோது வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. அந்தச் சின்னக் காருக்குக் கோயம்புத்தூரில் பலர் காத்திருந்தார்கள். நிறத்தை என் மனைவிதான் தேர்ந்தெடுத்திருந்தாள். ஷோரூமிலிருந்து ஃபோன் வந்தபோது அவள் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மகளை நினைத்துத்தான் சொல்லவில்லை. அவள் பெருந்துறையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் நானும் அவளும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, சண்டை ஒன்றுமில்லை. அவள் சொல்வதை என்னிடமும் நான் சொல்வதை அவளிடமும் கொண்டுவந்து சேர்த்தது அவள் அம்மா. இப்போது அந்த ஆள் இல்லை. சனிக்கிழமை மதியம் காரில் போய் அழைத்து வந்தால் இரண்டு மணி நேரம் ஒரே வண்டிக்குள் இருப்போம், சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுவது முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட எளிது என்று நினைத்தேன்.

வண்டி எடுத்த அன்று பூஜைக்குக் காரமடைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றான் என் மச்சினன். மனைவியின் தம்பி. கணபதியில் லேத் பட்டறை வைத்து பம்ப்செட்டுக்கு உதிரி பாகங்கள் செய்கிறவன். காலையிலேயே வீட்டுக்கு வந்து, சுவரில் இருந்த அக்காவின் படத்தைக் கழற்றி, மாலையோடு காரின் முன் இருக்கையில் வைத்தான். சாய்ந்துவிடாமல் இருக்க சீட் பெல்ட்டையும் போட்டான்.

"அக்கா புக் பண்ணுன வண்டிங்க மச்சான். முன்னாலதான் வரோணும்."

மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். மச்சினன் ஸ்கூட்டரில் முன்னே போனான்.

கோயில் வாசலில் பட்டர் மாலையும் குங்குமமும் கொடுத்தார். எலுமிச்சம்பழமும் சூடமும் மச்சினனின் பையிலிருந்து வந்தன. பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, எரியும் சூடத் தட்டோடு வண்டியை வலம் வந்தான். பின்பக்கம் பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில் நின்று, வண்டிக்குச் சோறு போடுகிற இடம் என்று சொல்லி இன்னொரு சுற்று காட்டினான்.

திரும்பும் வழியில்தான் மகள் முதல் முறையாக, பெட்ரோல் வாசம் வருகிறது என்றாள். மேட்டுப்பாளையம் சாலையில் டீ குடிக்க நின்றபோது அதை மச்சினனிடம் சொன்னேன். அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "புது வண்டின்னா அப்பிடித்தான் கண்ணு. ரெண்டு மாசம் போனா இந்த வாசம் வேணும்னாலும் கெடைக்காது" என்று சிரித்தான்.

படம் சுவருக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மகள் அதற்குப் பிறகும் முன்னால் உட்காரவில்லை. விடுதி வாசலில் வண்டியை நிறுத்தினால் பின்கதவைத் திறந்து ஏறுவாள். நானும் முன்னால் வா என்று சொல்லவில்லை. முதல் வாரம் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் அவிநாசிக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, புளியமரத்தடியில் வாந்தி எடுத்தாள். அதற்கடுத்த வாரம் விடுதிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து, நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்துக்கே ஃபோன் செய்தாள். காரில் வந்தால் தலை வலிக்கிறது, பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றாள். சரி என்றேன். அந்தச் சனிக்கிழமை அவள் பஸ்ஸிலும் வரவில்லை. பரீட்சை என்றாள்.

எனக்கு வாசம் தெரியவில்லை. முதல் நாள் லேசாகத் தெரிந்தது. தினமும் ஓட்டியதில் மூக்கு பழகிவிட்டது. பத்திரிகையில் நாங்கள் கடைப்பிடித்த ஒரு விதி உண்டு: ஒருவர் சொன்னதை இன்னொருவர் உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. அதற்கு இன்னொருவர் வேண்டும். என் வீட்டில் இன்னொருவர் இல்லை. காலையில் வண்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்பது வண்டியின் நிலையா என் மூக்கின் நிலையா என்று சொல்ல ஆளில்லாமல் கதவைச் சாத்துவேன்.

என் மேசைக்கு மாவட்டச் செய்திகள் வரும். சாலையோரம் கார் தீப்பிடித்தது என்று எப்போதாவது ஒன்று வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: காரணம் தெரியவில்லை. பல வருடங்களாக அந்த வரியைத் திருத்தாமல் அனுப்பியிருக்கிறேன். இப்போது அதில் பேனா நிற்க ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் செய்தித் தந்திகளில் மட்டும், குறை கண்ட வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவதாக வரும். நம் ஊரில் யாரும் அப்படி அழைத்ததாக அதுவரை நான் எழுதியதில்லை.

தெரிந்தவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அலுவலக நண்பர், பக்கத்து வீட்டு வாத்தியார், யாரைக் கேட்டாலும் வாசம் இல்லை என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய புது வண்டியைக் குறை சொல்வது அவர் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வது மாதிரி. ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் ஒருவர் இதே காரை வைத்திருந்தார். ரயிலில் கோயம்புத்தூர் வந்திருந்த அவரை, ரயில் நிலையத்தில் விடும் சாக்கில் ஏற்றிக்கொண்டேன். பெட்ரோல் வாசம் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டதும் அவசரமாகத் தலையாட்டினார். "சேச்சே. வண்டி பூவாட்டம் இருக்குதுங்க." தன் வண்டியில் எப்போதும் ஜன்னலைத் திறந்து வைத்தே ஓட்டுவதாகவும், காற்று உடம்புக்கு நல்லது என்றும் சொன்னார்.

சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அவிநாசி சாலையில் ஒரு நடை வந்தார். இளைஞர், மரியாதையானவர். ஒன்றும் தெரியவில்லை என்று அவரும் சொன்னார்.

கடைசியில் மச்சினனிடம் சொன்னேன். அன்று மாலையே வந்து பானெட்டைத் திறந்து, இஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் குழாயைத் தடவினான். விரலில் லேசாக ஈரம். அது போதும் அவனுக்கு. குழாயைக் கழற்றி, உள்ளளவு பார்க்க அங்கேயே நடுவில் வெட்டினான். எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கிற யாரும் கம்பெனிக்குப் போய்ப் புதுக் குழாய் கேட்க மாட்டார்கள். தானே செய்வார்கள், கம்பெனியைவிட நன்றாகச் செய்வார்கள். மறுநாள் செம்புக் குழாயும், அதை இரு முனையிலும் முறுக்கிப் பூட்ட லேத்தில் கடைந்த பித்தளை மரைகளும் கொண்டுவந்தான். குழாயின் வளைவுகள் நகை மாதிரி இருந்தன. பூட்டி முடித்துத் துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ரப்பர்ல மிச்சம் புடிச்சிருக்கானுங்க மச்சான். இது அம்மணிக்குக் கண்ணாலமாகி பேரன் ஓட்டற வரைக்கும் வரும்."

இருவரும் முன்னால் உட்கார்ந்து சரவணம்பட்டி வரை போய் வந்தோம். இப்போது எப்படி என்று கேட்டான். வாசம் இல்லை என்றேன். அவனும் இல்லை என்றான். அக்கா இருந்திருந்தால் இத்தனை நாள் விட்டிருக்க மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

மகளுக்குச் சொல்லிவிட்டு அந்தச் சனிக்கிழமை பெருந்துறைக்குப் போனேன். எப்போதும் போலப் புறப்படும்போது டேங்கை நிரப்பிக்கொண்டேன். அவள் பின்னால் ஏறினாள். மாமா செம்புக் குழாய் போட்டதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டாள். விஜயமங்கலம் வருவதற்குள் ஜன்னல் முழுதும் இறங்கியிருந்தது. விஜயமங்கலம் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"மாமாகிட்டச் சொல்லாதீங்கப்பா. சங்கடப்படுவாங்க. நான் பஸ்ஸுல வாரேன்."

பஸ் வந்ததும் ஏறிப் போனாள். நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். முந்த இடம் கிடைத்தது, முந்தவில்லை. செங்கப்பள்ளி, அவிநாசி, கருமத்தம்பட்டி. பஸ் நின்ற இடங்களிலெல்லாம் நானும் நின்றேன். ஒரு முறை கடைசி இருக்கைக் கண்ணாடி வழியாக அவள் திரும்பிப் பார்த்தாள். வண்டியைத்தான் பார்த்தாளா என்று தெரியாது.

அதற்குப் பிறகு காரை அலுவலகத்துக்கு மட்டும் எடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து ஷோரூமிலிருந்து ஃபோன் வந்தது. கம்பெனி இலவசமாக ஒரு பரிசோதனை செய்கிறது, வண்டியை ஒரு நாள் விடச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். சும்மா ஒரு செக்கப் என்றார்கள். அதே சூப்பர்வைசர்தான் பானெட்டைத் திறந்தார். செம்புக் குழாயைப் பார்த்ததும் மெதுவாக மூடினார். வெளியாள் கை வைத்த வண்டிக்கு இந்த வேலையைச் செய்ய முடியாது, பழைய குழாய் இருந்தால் மாட்டிக் கொண்டுவாருங்கள் என்றார். பழைய குழாய் இரண்டு துண்டாகக் கணபதியில் கிடந்தது.

வேறு வழியில்லாமல் மச்சினனுக்கு அங்கிருந்தே ஃபோன் செய்தேன். பட்டறை உடையோடு வந்தான். அவனும் சூப்பர்வைசரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத மரியாதையோடு பேசிக்கொண்டார்கள்.

"ஏனுங்க, என்ன கொறைங்க இதுல? வெடிக்குமா, ஒழுகுமா?"

"உங்க வேலைய நான் கொறை சொல்லுவனுங்களா? கம்பெனி ரூலுங்க. எனக்குக் கூட இப்பிடி ஒண்ணு செஞ்சு குடுங்க, என் மொபெட்டுக்குப் போட்டுக்கறேன்."

"சரி, நீங்க மாத்தப்போறது இந்தக் கொழாய் இல்லீங்களா?"

"இல்லீங்க. பின்சீட்டுக்கு அடியிலங்க."

மச்சினன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் ஸ்பேனரையே எடுத்து மரைகளைக் கழற்றினான். கவுன்டரில் போய்ப் புது ரப்பர் குழாய் வாங்கி வந்து அவனே மாட்டினான். செம்புக் குழாயை, காரில் கிடந்த என் பத்திரிகையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மெக்கானிக் பின் இருக்கையைத் தூக்கி ஓரமாக வைத்தார். அடியில் ஒரு தகடு. அதைத் திறந்தால் டேங்கின் வாய். வாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர் வளையம் ஓரிடத்தில் சுருங்கி விலகியிருந்தது. சுற்றிலும் தூசி ஈரத்தில் கறுத்துப் படிந்திருந்தது. அந்த இடத்தில் எனக்கே வாசம் தெரிந்தது. டேங்க் நிறைந்திருந்தால்தான் அதிகம் கசியும், அதுவும் நேராகப் பின்சீட்டுக்குத்தான் வரும், முன்னால் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றார் சூப்பர்வைசர். பிறகு, பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டார்.

"என் மகள்" என்றேன்.

நான் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்ட எல்லோரும் விருந்தாளிகள். விருந்தாளியை நம் ஊரில் முன்னால்தான் உட்கார வைப்போம். டேங்கை நிரப்பியது சனிக்கிழமைகளில், அவளை அழைக்கப் போகும்போது மட்டும்.

மச்சினன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் புது வளையம் எடுக்க உள்ளே போனதும் மெல்லிய குரலில் சொன்னான்.

"அன்னைக்குச் சூடத்த இந்தப் பக்கந்தானுங்க மச்சான் காட்டுனேன். அம்மணி உள்ள உக்காந்திருந்துச்சு."

நான் அவன் தோளில் கை வைத்தேன்.

எல்லா உரிமையாளர்களுக்கும் சொல்லிவிட்டீர்களா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். சர்வீஸுக்கு வருகிற வண்டிகளுக்கெல்லாம் செய்துவிடுகிறோம், பேப்பரிலெல்லாம் வேண்டாம் என்றார். ஆனாலும் எங்கள் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன். வண்டியின் பெயரும் கம்பெனியின் பெயரும் நீக்கப்பட்டு, உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. எந்தக் கார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஈரோட்டு நூல் வியாபாரிக்கு மட்டும் ஃபோன் செய்து சொன்னேன்.

"அப்பிடிங்களா? எனக்கும் வாசம் வந்துட்டுத்தானுங்க இருக்குது" என்றார். "உங்க வண்டியிலயும் அன்னைக்கு வந்துச்சு. சொன்னா மனசு சங்கடப்படுவீங்களேன்னு உட்டுப்போட்டேன்."

அடுத்த சனிக்கிழமை டேங்கை விளிம்பு வரை நிரப்பச் சொன்னேன். வீட்டு வாசலுக்கு வந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அந்த வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாசம் இல்லை, என் சாட்சியத்தை நம்ப முடியாது. முன்னால் இரண்டு இருக்கைகளின் முதுகு தெரிந்தது. இடது பக்க பெல்ட் கொக்கியில் தொங்கியது. மேலே இருந்த கண்ணாடியில் ஓட்டுகிறவரின் கண்கள் மட்டும் தெரியும் என்று கணித்தேன். ஒவ்வொரு வாரமும் அவள் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தான்.

வந்து பார்க்கிறேன் என்று மட்டும் ஃபோனில் சொல்லியிருந்தாள். விடுதி வாசலில் பையோடு நின்றாள். நான் முன்கதவைத் திறந்து வைத்திருந்தேன். அதைப் பார்த்தாள். அதைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினாள். பழக்கத்தில் ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கினாள். ரப்பர் வளையத்தைப் பற்றிச் சொன்னேன். "சரிங்கப்பா" என்றாள்.

சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். அவள் அம்மாவின் புடவைகளை என்ன செய்வது என்று கேட்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். விஜயமங்கலம் நெருங்கும்போது எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தபடி கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது. பையைத் தலைக்கு வைத்து, இருக்கையின் நீளத்துக்கும் கால்களை மடக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. அதைக் கடந்து போனேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அதே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்தியது. அவள் அசையவில்லை. நான் வேகத்தை இன்னும் குறைத்தேன்.

நீலம்பூர் தாண்டியதும் கண் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள். சொன்னேன். மறுபடியும் கண்களை மூடிக்கொண்டாள்.